நாற்காலிக்கும் அளவு எடுக்க வேண்டும்!

சட்டை தைக்கக் கொடுக்கிறோம். தையற்காரர் நாடாவை எடுத்து மார்பை அளக்கிறார், தோளை அளக்கிறார். ஆனால், ஒருவர் நாள் முழுவதும் உட்கார வேண்டிய சக்கர நாற்காலியை மட்டும் அளவு பாராமல் வாங்கி விடுகிறோம். என்ன வேடிக்கை!

பாகூர்ப் பக்கம் வயலும் தென்னையும் நிறைந்தது. மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிவது நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. அப்படி ஒருவர் விழுந்தார் என்று வைத்துக் கொள்வோம். உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒரு புண்ணியவான் சக்கர நாற்காலி வாங்கித் தருகிறார். வீடே மகிழ்கிறது. சில வாரங்களில் பிட்டத்தில் புண்!

புண் வந்தது எப்படி?

நாம் வெகுநேரம் உட்கார்ந்தால் வலிக்கும். உடனே அசைந்து கொள்வோம். அவருக்கு வலி தெரியாது. எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும், சதை செத்துவிடும். புண் எலும்பு வரை போகும். சீழ் பிடித்து உயிரையே வாங்கினாலும் வாங்கும்.

அதனால்தான் நாற்காலி வாங்குமுன் பிசியோதெரபிஸ்டைப் பார்க்க வேண்டும். அவர் எடுத்ததும் நாடாவைத் தொடமாட்டார், கேள்வி கேட்பார். வீட்டு வாசற்படி எவ்வளவு உயரம்? கதவு எவ்வளவு அகலம்? தெரு மண்ணா, தாரா? கழிப்பிடத்துக்கு எப்படிப் போகிறீர்கள்? வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். முன்பு புண் வந்ததுண்டா என்று தோலையும் பார்ப்பார்.

பிறகுதான் அளவு. இருக்கை இடுப்புக்குச் சரியாக இருக்க வேண்டும். "கொஞ்சம் தாராளமாக இருக்கட்டுமே" என்றால் உடம்பு ஒரு பக்கம் சாயும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கால் மிதி உயர்ந்தால் முழங்கால் தூக்கி, பாரமெல்லாம் பிட்டத்து எலும்பில் இறங்கும். தாழ்ந்தால் ஆள் முன்னால் சறுக்குவார்.

விரல் சோதனை

மெத்தையில் உட்கார வைத்து, பிட்டத்து எலும்புக்கு அடியில் தம் விரல் நுனிகளை நுழைப்பார். விரலை அரை சென்டிமீட்டராவது மேலும் கீழும் அசைக்க முடிந்தால் நல்லது. அசையாமல், உருவி எடுக்க மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. விரல் நசுங்கினால் ஆபத்து. மெத்தையை மாற்றியே ஆக வேண்டும். எவ்வளவு எளிய சோதனை! நல்ல மெத்தை கிடைத்தாலும், கால் மணி, அரை மணிக்கொரு தரம் முன்னால் குனிந்தோ, பக்கம் சாய்ந்தோ பாரத்தை இறக்க வேண்டும். இதையும் அவரே கற்றுக் கொடுப்பார்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்பவர்கள் வேலூர்க் கதையைக் கேளுங்கள். அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்தவர் மேரி வர்கீஸ். 1954-இல் அவர் சென்ற கார் கவிழ்ந்தது. இடுப்புக்குக் கீழே செயல் போயிற்று. அந்த அம்மையார் மூலையில் முடங்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்! பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பாகூர்க்காரர்கள் வேலூர் வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரி ஜிப்மரிலேயே இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் உதவித் திட்டமும் 1981 முதல் உண்டு. முகாம்களில் இலவசமாக நாற்காலி கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. படம் எடுக்க நேரமிருக்கும்போது அளவு எடுக்க நேரமில்லையா என்றுதான் கேட்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு கயிற்றை எடுத்து, வீட்டின் குறுகலான கதவு எதுவோ அதன் அகலத்தை அளந்து முடிச்சுப் போட்டுக் கையோடு கொண்டு போங்கள்.