ஆழமான ஆட்டங்களுக்கு ஆள் சேராதது ஏன்?

விடுமுறை நாளொன்றில் கரம் பலகையை எடுத்து விறாந்தையில் வைத்துவிட்டாற் போதும். எவரையும் அழைக்க வேண்டியதில்லை. நால்வர் ஆட அமர்வர். நால்வர் பார்க்க நிற்பர். அடுக்களையிலிருந்து வரும் அம்மாவும் கணநேரம் நின்று, "கையிலிருந்த சிவப்பை விட்டுவிட்டாயே!" என்று கூறிச் செல்வார். அதே வீட்டின் ஒரு மூலையில் மூத்த மகன் கணினியின் முன் அமர்ந்து, போர் வியூக ஆட்டமொன்றில் மூன்று மணி நேரமாக மூழ்கியிருப்பான். அவன் படையை இழந்து தவித்தாலும் சரி, நகரொன்றைக் கைப்பற்றி மகிழ்ந்தாலும் சரி, அவனருகில் நிற்பார் ஒருவருமில்லை.

ஒருவர் தமது முறைக்கு நகர்த்தி முடித்த பின்னரே மற்றவர் நகர்த்தலாம் என்பது இவ்வகை ஆட்டங்களின் அடிப்படை விதி. இவற்றைச் சதுரங்கத்தின் வழித்தோன்றல்கள் எனலாம். யப்பானில் 1990ஆம் ஆண்டில் தோன்றிய 'பயர் எம்பிளெம்', அமெரிக்காவில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991இல் ஆக்கியளித்த 'சிவிலைசேஷன்', இங்கிலாந்தின் ஜூலியன் கொல்லொப் ஆக்கி 1994இல் வெளிவந்த 'எக்ஸ்கொம்' என்பன இவ்வகையிற் பெயர் பெற்றவை. ஆடிப் பழகியோர் இவற்றைப் போற்றுவர். ஆயினும் உதைபந்தாட்டத்தையும் துப்பாக்கிச் சண்டையையும் திரையில் ஆடத் திரளும் கூட்டம் இப்பக்கம் திரும்புவது அரிது. இதற்குக் காரணம் யாது?

மக்களுக்குச் சிந்திக்கச் சோம்பல் என்று கூறி ஒதுங்கிவிடுவது எளிது. அவ்விடை பொருந்தாது என்பதே நமது எண்ணம். குறை பெரும்பாலும் மக்களிடத்தில் இல்லை; ஆட்டத்தின் வாசலில் இருக்கிறது.

முன்பணம் கேட்கும் ஆட்டம்

கரம் ஆடும் சிறுவன் தவறாகச் சுண்டினால் அடுத்த நொடியிலேயே அதனை அறிகிறான். வியூக ஆட்டத்திலோ செய்த தவறு உடனே முகங் காட்டுவதில்லை. 'சிவிலைசேஷன்' ஆட்டம் கி.மு. 4000ஆம் ஆண்டிலே தொடங்குகிறது. முதல் நகரை எவ்விடத்தில் அமைப்பது என்பதே முதல் முடிவு. அது தவறான இடம் என்பது, பல மணி நேரம் கழித்து, அயல்நாட்டான் படையுடன் வந்து நிற்கும்போதுதான் விளங்கும். தோற்றதற்குக் காரணம் எதுவென்று புதியவனுக்குத் தெரிவதில்லை. காரணம் தெரியாத தோல்வி கசக்கும். கசந்த ஆட்டத்தை எவரும் மறுநாள் தொடுவதில்லை.

அன்றியும், இன்பம் கிட்டுமுன்னரே இவ்வாட்டங்கள் உழைப்பைக் கேட்கின்றன. பத்து வகைப் படைவீரர், இருபது வகைக் கட்டடம், அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி! இவற்றை மனத்தில் இருத்திய பின்னரே ஆட்டம் சுவைக்கத் தொடங்கும். கடைக்கு வந்தவரிடம் பொருளைக் காட்டுமுன் முன்பணம் கேட்டால் எத்தனை பேர் நிற்பர்?

மூன்றாவது தடை காத்திருத்தல். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த சர்வதேச சதுரங்கப் போட்டியில் ஒரு நகர்த்தலுக்கு இவ்வளவு நேரம் என்ற வரையறை இருக்கவில்லை. பார்த்தோரும் எதிர்த்தாடியோரும் சலித்தனர். 1883ஆம் ஆண்டு அதே நகரில் நடந்த போட்டியிலே இரட்டை முகக் கடிகாரம் மேசைக்கு வந்தது. கணினி ஆட்டங்களை ஆக்கியோர் இதற்கும் அப்பாற் சென்றனர். 1992இல் வெளிவந்த 'டியூன் 2' போன்றவற்றில் முறை என்பதே நீக்கப்பட்டு, இரு தரப்பும் ஒரே வேளையில் இயங்கின. 1998இல் வந்த 'ஸ்டார்கிராப்ட்' தென் கொரியாவில் தொலைக்காட்சியிலே ஒளிபரப்பாகி, அரங்கு நிறைந்த கூட்டத்தைக் கண்டது. கரம் பலகையைச் சுற்றி நிற்பதுபோல் அங்கும் மக்கள் சுற்றி நின்றனர். கண்ணுக்குத் தெரியும் பரபரப்புக்குப் பார்வையாளர் உண்டு. ஒருவன் தலைக்குள் நிகழும் போரைப் பார்க்க யார் வருவர்?

சதுரங்கமும் மாறியதே!

அவ்வாறாயின், முறைவைத்து ஆடும் ஆட்டங்கள் சிலருக்கு மட்டுமே உரியன என்று விட்டுவிடலாமா? சதுரங்கத்தின் வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது.

பழைய சதுரங்கத்தில் அரசனருகில் நின்ற அமைச்சன் குறுக்காக ஒரேயொரு கட்டம் மட்டுமே நகர்வான். யானை குறுக்காக இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், அவ்வளவே. ஆகவே இரு படைகளும் ஒன்றையொன்று நெருங்கவே நெடுநேரம் சென்றது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் முதலிய ஐரோப்பிய நாடுகளில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அமைச்சனின் இடத்துக்கு வந்திருந்த அரசி, எத்திசையிலும் எவ்வளவு தூரமும் செல்லும் ஆற்றல் பெற்றாள். யானையின் இடத்துக் காயும் குறுக்கே நெடுந்தூரம் ஓடலாயிற்று. ஆட்டம் விரைந்தது, தவறு செய்தவன் அதன் விளைவை விரைவிற் கண்டான். ஆழம் குறைந்ததா? இல்லை. அதற்குப் பின்னர் ஐந்நூறு ஆண்டுகளாக அறிஞர் பலர் ஆராய்ந்தும் சதுரங்கத்தின் அடி இன்னும் தட்டுப்படவில்லை.

உயிர் தப்பிய தொடர்

நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 'பயர் எம்பிளெம்' ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் பெயருண்டு, முகமுண்டு, கதையுண்டு. போரில் விழுந்தவன் மீண்டும் எழான் என்பது அதன் கடும் விதி. அதனாலேயே பலர் அதை நேசித்தனர். அதனாலேயே இன்னும் பலர் அஞ்சி விலகினர். ஒரு வீரனை இழந்த துயரத்தில், ஒரு மணி நேரம் ஆடிய போரை முதலிலிருந்து தொடங்கியோர் எத்தனையோ பேர்.

விற்பனை குறைந்துகொண்டே வந்தது. அடுத்த வெளியீடு இரண்டரை இலட்சம் பிரதிகளாவது விற்காவிடின் தொடரை நிறுத்த நேரிடும் என்று நின்டென்டோ நிறுவனத்தில் ஆக்கியோருக்குக் கூறப்பட்டது. இதுவே கடைசி என்று எண்ணி, தாம் செய்ய விரும்பிய அனைத்தையும் அவர்கள் அதிற் சேர்த்தனர். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது யப்பானில் வெளிவந்தது. விழுந்த வீரன் அடுத்த போருக்குத் திரும்பிவரும் எளிய வகையையும், பழைய கடும் விதியையும் ஒருங்கே வைத்து, விரும்பியதைத் தெரிந்துகொள்ளும் உரிமையை ஆடுவோரிடமே விட்டனர். இவ்வேற்பாடு 2010இல் யப்பானில் மட்டும் வந்த முந்தைய வெளியீட்டிலும் இருந்ததே. எனினும் உலகம் அதை அறிந்தது இப்போதுதான். வீரர்களிடையே நட்பும் காதலும் திருமணமும் கதையிலே வளர்ந்தன. விற்பனை அந்த எல்லையைப் பன்மடங்கு கடந்தது. தொடர் பிழைத்தது, போர்க்களத்தின் நுட்பமும் குன்றாமல் நின்றது.

அதே 2012இல் 'எக்ஸ்கொம்' புதுவடிவம் பெற்றது. 1994இல் ஒரு வீரன் நடப்பதற்கும் திரும்புவதற்கும் மண்டியிடுவதற்கும் தனித்தனியே நேரக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. புதியதில் ஒரு முறைக்கு இரண்டு செயல்கள் என்று சுருக்கினர். 2018இல் வெளிவந்த 'இன்டு த பிரீச்' என்ற ஆட்டமோ எட்டுக்கு எட்டுக் கட்டமுள்ள சிறு களத்தில், பகைவன் அடுத்து எதைத் தாக்கப் போகிறான் என்பதை முன்னரே காட்டிவிடுகிறது. தோற்றவனுக்குத் தோல்வியின் காரணம் கண்முன் நிற்கிறது.

2020 ஒக்டோபரில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட 'குயீன்ஸ் கம்பிற்' என்ற கதைத்தொடரையும் மறத்தலாகாது. அனாதைச் சிறுமி ஒருத்தி சதுரங்க வல்லுநராக உயரும் கதை அது. அதன்பின் சதுரங்கப் பலகைகளின் விற்பனையும் இணையத்தில் ஆட வந்தோர் தொகையும் பெருகின. சதுரங்க விதி ஒன்றேனும் மாற்றப்படவில்லை; ஒரு கதை வாசலைத் திறந்துவிட்டது.

கிணறும் துலாவும்

எளிமை என்ற பெயரால் எதையும் வெட்டிவிடலாம் என்று நாம் கூறவில்லை. பழைய 'எக்ஸ்கொம்' ஆட்டத்தின் நுணுக்கங்கள் மறைந்தன என்று வருந்துவோர் உளர், அவ்வருத்தத்திலும் நியாயமுண்டு. கிணற்றைத் தூர்த்துவிட்டால் தண்ணீர் கிட்டாது. துலாவை நன்றாகக் கட்டுவதே அறிவுடைமை.

இவ்வாட்டங்கள் அருகிப்போனால் நட்டம் என்ன என்று சிலர் வினவலாம். ஒரு மணி நேரத்துக்கு முன் தானே எடுத்த முடிவு இப்போது தன்னைத் தோற்கடித்தது என்று ஒரு பிள்ளை உணர்ந்து, பழியைப் பிறர்மேற் போடாமல், பின்னோக்கிச் சென்று தேடும் பழக்கம் எளிதில் வாய்ப்பதன்று. அதனை விளையாட்டாகவே பழக்கும் சாதனங்கள் சிலவே உள.

மாணவர்களே, தம்பி தங்கையருக்கு இவ்வாட்டத்தைக் கற்பிக்கும்போது விதிகள் முழுவதையும் முதலிலே ஒப்புவிக்காதீர்கள். மூன்று வீரருடன் ஒரு சிறு போரை ஆடவிடுங்கள், தோற்கட்டும், எங்கே தவறியது என்பதை உடனிருந்து காட்டுங்கள். பெற்றோரே, மூலையில் அமர்ந்திருக்கும் மகனருகே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, "அந்த வீரனை ஏன் நகர்த்தாமல் வைத்திருக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் விடை சற்று நீளமாயிருக்கும், பொறுமையுடன் கேளுங்கள்.