வாசிக்கவா, வைத்திருக்கவா?

செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் துணி வைப்பதற்காக வாங்கிய அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் துணி இல்லை. நான்கு மிருதங்கங்கள், ஒரு கஞ்சிரா, பழைய மின் சுருதிப் பெட்டி ஒன்று, இரண்டு மோர்சிங்கு ஆகியவை இருக்கின்றன. மோர்சிங்கு வாசிக்க எனக்குத் தெரியாது. "இந்த வீட்டுல மனுசனுக்கு இடமில்ல, மத்தளத்துக்குத்தான் இடமிருக்கு" என்று அம்மா சொல்லாத தீபாவளி இல்லை.

சென்ற ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து இளைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கலை இரவுக்கு ஒரு மிருதங்கம் இரவல் வேண்டுமாம். "அண்ணே, ரெண்டே வாரந்தான், பத்திரமா திருப்பிக் குடுத்துடுறோம்" என்றார். ஒரு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நான்கில் எதையும் ஓராண்டுக்கு மேலாக நான் தொட்டிருக்கவில்லை. இருந்தும் கொடுக்க மனம் வரவில்லை. வாசிக்காத கருவியை விட்டுப் பிரிய ஏன் இவ்வளவு தயக்கம் என்ற கேள்வியே இக்கட்டுரையை எழுத வைத்தது. இசைக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் பலரிடமும் இதே நோயைக் கண்டிருக்கிறேன். கிட்டார், கீபோர்டு, புல்லாங்குழல் என்று பொருள்தான் மாறுகிறது.

முதலில், என் பக்க நியாயத்தைச் சொல்லி விடுகிறேன். மிருதங்கக்காரர் ஒன்றுக்கு மேல் வைத்திருப்பது ஆடம்பரமன்று. மிருதங்கத்தின் வலந்தலை, பாடகரின் ஆதார சுருதியோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஆண் பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார். பெண் பாடகர் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார். ஒரே மிருதங்கத்தைத் தட்டி ஏற்றியோ இறக்கியோ இந்த இரண்டு எல்லைகளையும் தொட முடியாது. அதன் இயல்பான சுருதியிலிருந்து சிறிதளவுதான் நகர்த்தலாம். அதற்குமேல் இழுத்தால் தோல் கிழியும், இறக்கினால் ஒலி செத்துவிடும். ஆகவே தாழ்ந்த சுருதிக்குச் சற்றே நீளமான ‘தக்கு’ மிருதங்கமும், உயர்ந்த சுருதிக்குக் குட்டையான ‘ஹெச்சு’ மிருதங்கமும் வேண்டும். தோல் மாற்றப் போயிருக்கும் காலத்திற்கு மூன்றாவது ஒன்று இருந்தால் நல்லது. மூன்று வரைக்கும் எந்த நீதிமன்றத்திலும் வாதாடுவேன்.

நான்காவதற்கு வாதம் இல்லை. சென்னைக்குச் சென்றிருந்தபோது ஒரு கடையில் அதைத் தட்டிப் பார்த்தேன். ‘நம்’ என்ற அந்த ஒற்றைச் சொல் கடை முழுவதும் நின்று அதிர்ந்தது. விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டி அதைக் கொண்டு வந்து சேர்த்தேன். செந்தூலில் வைத்துத் தட்டியபோது அந்த நாதம் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு.

மிருதங்கம் எப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். குடைந்த பலாமரக் கட்டையின் இரு பக்கமும் தோல் மூட்டியிருக்கிறார்கள். பசு, ஆடு, எருமை ஆகிய மூன்று விலங்குகளின் தோலும் அதில் சேர வேண்டும். வலந்தலையின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் கரணை. ‘சோறு’ என்றும் சொல்வார்கள். பொடித்த கல்லையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவைத்து, அதன்மேல் அடுத்த பூச்சு என்று பொறுமையாக ஏற்றுவார்கள். இடப்பக்கத் தொப்பியில் வாசிப்பதற்குச் சற்று முன்னர் ரவையைக் குழைத்து அப்பி, வாசித்து முடித்தபின் சுரண்டி எடுத்துவிட வேண்டும். தோல் ஈரத்தில் தளரும், சுருதி இறங்கும். உலர்ந்தால் இறுகும், சுருதி ஏறும். கோலாலம்பூரின் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரம். குளிரூட்டிய மண்டபத்தில் அதற்கு நேர்மாறு. செந்தூலில் சேர்த்த சுருதி பிரிக்பீல்ட்ஸ் மேடையில் கால் மணி நேரத்தில் ஏறிப்போவதை வாசிப்பவர் அனைவரும் அறிவர். என் நான்காவது மிருதங்கத்தை நான் இந்த ஊருக்குப் பழக்கவே இல்லை. வந்த இரண்டாம் வாரமே உறை போட்டு அலமாரியில் நிறுத்தினேன். தோலில் பூஞ்சை படிந்தது.

வாசித்தால் கருவி வாழும் என்று இங்கே எளிதாகச் சொல்லிவிடலாம். அதுவும் பாதி உண்மைதான். வாசிக்க வாசிக்கக் கரணை விரிசல் விடும், உதிரும், தோலே மாற்ற வேண்டிவரும். பலாக்கட்டை தலைமுறைகளைத் தாண்டும். தோலுக்கு ஆயுள் குறைவு. அதாவது, வாசிப்பவர் கருவியைத் தேய்க்கிறார், வைத்திருப்பவர் அதை மக்க விடுகிறார். இரண்டில் ஒன்று நடந்தே தீரும். தேய்ந்ததைத் தோல் கட்டுபவரிடம் கொண்டுபோனால் அவருக்கு வேலையாவது கிடைக்கும். தோல் கட்டத் தெரிந்தவர்கள் நம் நாட்டில், எனக்குத் தெரிந்து, விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. நாம் வாங்கிப் பூட்டிவைப்பதால் அவர்களுக்கு ஒரு காசும் பயனில்லை.

இந்தக் கைவினைஞர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூலே எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கும் (1912 – 1981) தஞ்சாவூரில் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்துக்கும் இடையிலான நீண்ட உறவு அந்நூலில் பேசப்படுகிறது. மணி ஐயரும் கருவிப் பித்தர்தாம். ஆனால் அவருடைய பித்து அடுத்த கச்சேரியில் அந்த ஒலி எப்படி நிற்கும் என்பதில் இருந்தது. நம் பித்து அலமாரிக் கதவை மூடியதும் முடிந்து விடுகிறது.

மேல்நாட்டில் இந்த ஆசைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ‘ஸ்டீலி டேன்’ குழுவின் கிட்டார் கலைஞர் வால்டர் பெக்கர் 1990களில் ஒரு கிட்டார் இதழில் இதை ஒரு நோயாகவே வருணித்துக் கேலியாக எழுதினார். ‘கிட்டார் சேர்க்கும் கோளாறு’ என்று தமிழில் சொல்லலாம். அந்தக் கேலிப் பெயர் பிறகு எல்லா இசைக் கருவிகளுக்கும் பரவிவிட்டது. அந்நோய் எப்படி வேலை செய்கிறது என்பதை என்னையே வைத்துச் சொல்கிறேன். வேலைக்குப் போன பிறகு சாதகம் குறைந்தது. முன்பு சரளமாக வந்த நான்காம் காலப் பயிற்சியில் விரல் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்ய ஆறு மாதம், தினமும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். புதுக்கருவி வாங்க ஒரு பிற்பகல் போதும். வாங்கிய அன்று நானும் இசைக் கலைஞன்தான் என்ற நிறைவு வந்து விடுகிறது. ஆறு மாதச் சாதகம் தரவேண்டிய நிறைவை ஒரு ரசீது தந்துவிடுகிறது. பணம் இல்லாத மாணவப் பருவத்தில் ஒரே மிருதங்கத்தை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டும்வரை வாசித்தவன் நான். சம்பளம் வந்ததும் கருவிகள் பெருகின, சத்தம் குறைந்தது. பக்கத்து வீட்டாருக்கு நிம்மதி.

இருந்தாலும் சேர்ப்பவர்களை ஒரேயடியாகப் பழித்துவிடக்கூடாது என்பதற்கு நம் யாழே சாட்சி. 21 நரம்புகள் கொண்ட பேரியாழ், 7 நரம்புச் செங்கோட்டியாழ் என்று இலக்கிய உரைகள் விவரிக்கின்றன. தமிழ் வகுப்பில் மாதவியின் யாழைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அது எப்படி ஒலித்தது என்று கேட்டால் காட்ட ஒரு கருவி இல்லை. வாசித்தவர்கள் மறைந்தார்கள், வீணை அதன் இடத்தைப் பிடித்தது, மரமும் நரம்பும் மண்ணாயின. ஈழத்தில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892 – 1947) பல ஆண்டுகள் உழைத்து, பாட்டிலிருந்தும் உரையிலிருந்தும் கணக்குப் போட்டு யாழை மீட்டெடுக்க முயன்றார். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே ஆண்டில் அவரும் மறைந்தார். ஏதோ ஒரு செல்வர், வாசிக்கவே தெரியாத ஒருவர், ஒரே ஒரு பேரியாழைப் பூட்டிப் பாதுகாத்து நமக்கு விட்டுப் போயிருந்தால் அந்தத் துறவியின் உழைப்பு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்படிப்பட்ட செல்வர் ஒருவர் வங்காளத்தில் இருந்தார். கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் (1840 – 1914), கவி தாகூரின் உறவுக் குடும்பத்தவர். இந்தியக் கருவிகளைத் திரட்டி உலகின் பல அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். 1876இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு கருவிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார். மறு ஆண்டு பிரசல்ஸ் நகரில் தொடங்கிய இசைக்கருவி அருங்காட்சியகத்திற்கு அவையும் அடித்தளமாயின. தாகூர் வெறும் சேகரிப்பாளர் அல்லர். இசை கற்றவர், இசைப்பள்ளி நடத்தியவர், நூல்கள் எழுதியவர். தம்மிடம் குவித்து வைக்காமல் பிறர் காணக் கொடுத்தார் என்பதே எனக்கு அவரிடம் பிடித்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் போன கருவியின் நிலையும் ஒரே மாதிரி இல்லை. ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்த ‘மெசையா’ வயலின் ஆக்ஸ்ஃபோர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் புத்தம் புதியதுபோல் இருக்கிறது. ஏறக்குறைய எவரும் வாசிக்காததால்தான் அந்தப் பளபளப்பு. பாகனினி தம் ஊரான ஜெனோவாவுக்கு எழுதிவைத்த வயலின் 1743இல் குவர்னேரி செய்தது. அதை ஜெனோவா நகரம் காத்துக்கொண்டே, தேர்ந்த கலைஞர்கள் கையில் கொடுத்து வாசிக்கவும் வைக்கிறது. கேட்டால் நான் ஜெனோவா கட்சி.

தேடித் தேடிக் கற்றுவிட்டு ஒன்றில் நிலைத்தவரும் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் (1927 – 1990) சிறுவயதில் கஞ்சிரா, தபலா, சித்தார் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாசித்தவர். 1954இல் ‘அந்த நாள்’ படத்தை இயக்கியவரும் அவரே. இறுதியில் வீணையே தம் கருவி என்று அதிலேயே அமர்ந்தார். பல கருவிகளைத் தொட்டது அவருக்கு வீணாகவில்லை. அவர் தொட்டார் என்பதுதான் வேறுபாடு.

இவ்வளவு தூரம் போகாமல் எங்கள் ஊரையே பார்க்கலாம். தைப்பூசம் நெருங்கினால் செந்தூல், ஜாலான் ஈப்போ வட்டாரத்தில் மாலை வேளையில் உறுமிச் சத்தம் கேட்கத் தொடங்கும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த முனகல், எத்தனை மாடி ஏறினாலும் வந்து சேரும். எங்கள் புளோக்கின் கீழே பயிற்சி செய்யும் பையன்களுக்குச் சொந்தமாக ஆளுக்கொரு கருவி கிடையாது. குழுவுக்குப் பொதுவாகச் சில. ஒருவன் கை ஓய்ந்தால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். எந்த உறுமி எந்தப் பக்கம் தளரும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். அவர்களைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. வாசிப்பு சேருமுன்னே ஒரே நிறச் சட்டை அடித்துக்கொள்ளும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் சேர்க்கும் கோளாறின் ஒரு கிளைதான்.

என் கோளாறு பரம்பரையாக வந்தது என்றும் ஒரு சந்தேகம். தாத்தா செந்தூல் இரயில் பட்டறையில் பிட்டர். ஓய்வு பெற்ற பின்னும் தம் கருவிப்பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து எண்ணெய் பூசி வைப்பார். யாருக்கும் ஒரு ஸ்பேனர்கூட இரவல் தரமாட்டார். ஆனால் அந்தப் பட்டறையில் இருந்த காலத்தில் அவற்றை அவர் தினமும் தேய்த்தவர். அந்த வளாகத்தின் பழைய கட்டடம் ஒன்று 2005இல் கோலாலம்பூர் கலைநிகழ்வு மையமாக மாறியது. நாடகம் பார்க்க அங்கே போகும்போதெல்லாம் தாத்தாவின் பெட்டி நினைவுக்கு வரும். அதுவும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, துருப்பிடித்து.

மாணவருக்கு மறுநாள் அழைத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான்காவதைத்தான் கொடுத்தேன், நல்லது மூன்றையும் கொடுக்க மனமில்லாததே காரணம் என்பதை மறைக்கவில்லை. வந்தவர் வலந்தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் அடைச்ச மாதிரி இருக்குண்ணே" என்றார். கரணையில் விரலை ஓட்டினேன். ஒரு சில்லு பெயர்ந்து கையோடு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் முதலாவது மிருதங்கத்தை, பள்ளியில் படிக்கும்போது அப்பா தவணையில் வாங்கித் தந்ததை, எடுத்து வந்து கொடுத்தேன்.

கலை இரவில் அது ஒலித்ததை மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். இரண்டு வாரம் என்றது நான்கு மாதமாகிவிட்டது. சென்ற வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "அண்ணே, தொப்பித் தோல் போயிடுச்சு. மன்னிச்சிடுங்க. எங்க குடுத்து மாத்துறது?" தோல் கட்டுபவரின் எண்ணை அனுப்பினேன். நான்காவதையும் அன்றே அவரிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.