ட்ராக்கில் இறங்கும் முன் டயரையும் பாலிசியையும் பாருங்கள்

ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க இன்று பந்தய வீரராக இருக்க வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கிலோமீட்டர் ட்ராக், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று தமிழ்நாட்டிலேயே இடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டி, பொதுமக்கள் ஓட்டுகிற நாளைத்தான் 'ட்ராக் டே' என்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் வேகம் பார்க்கிறவர்கள் இங்கே வந்துவிடுவது அவர்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

ஆனால் ட்ராக் கேட்டைத் தாண்டினால் உங்கள் மோட்டார் இன்ஷூரன்ஸ் கூட வராது. பாலிசியில் வாகனத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று அதில் எழுதியிருக்கும். 'பம்பர் டு பம்பர்' எடுத்திருந்தாலும் இதே கதைதான். தடுப்பில் மோதினால் பழுதுச் செலவு முழுக்க உங்கள் கைக்காசு. சேதமான தடுப்புக்கும் சில இடங்களில் பணம் கேட்பார்கள், முன்பே விசாரியுங்கள்.

ஆகவே அங்கே உங்களுக்குக் காவல் டயர்தான். அதன் பக்கவாட்டில் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அளவுக்கு அடுத்து வரும் எழுத்து வேக வரம்பு: எச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240. பக்கவாட்டில் புடைப்போ வெடிப்போ இருந்தால் அந்த டயர் வேண்டாம். திரி வைத்துப் பஞ்சர் ஒட்டிய டயரும் வேண்டாம். ஊருக்குள் அது ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கலாம். ட்ராக்கின் சூட்டுக்கும் பக்கவாட்டு இழுப்புக்கும் அதை நம்ப முடியாது.

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது காற்றில்தான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று வைத்துவிட்டு இறங்குவார்கள். நம் வெயிலில் நாலு சுற்று வேகமாக ஓட்டினால் 6, 7 பிஎஸ்ஐ ஏறிவிடும். அப்போது டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறைந்து, வளைவில் வழுக்க ஆரம்பிக்கும். ஓட்டிவிட்டு வந்த சூட்டிலேயே அளந்து, ஏறியதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். எவ்வளவு என்பதை ஒரு சாக்பீஸ் காட்டிக்கொடுக்கும். டயரின் ஓரத்தில், தரையைத் தொடும் பகுதியிலிருந்து பக்கவாட்டு வரை ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். பக்கவாட்டிலும் கோடு அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. ஓரத்திலேயே கோடு அழியாமல் நின்றால் காற்று அதிகம். முன் டயர், பின் டயர் இரண்டிலும் பாருங்கள். மாலையில் மறக்காமல் திரும்பக் காற்று நிரப்புங்கள். இறக்கிய காற்றோடு, டயரும் குளிர்ந்த பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையில் வீடு திரும்புவது ட்ராக்கில் ஓட்டியதைவிட ஆபத்து.

டயரின் பிடி மாசச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கே எல்லாம் செலவழித்தால் ஸ்டியரிங்குக்கு மிஞ்சாது. நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்துவிட்டு வளையுங்கள். முன் டயர் கீச்சிட்டுக் கார் வெளியே தள்ளினால் ஸ்டியரிங்கை இன்னும் திருப்பாதீர்கள். சற்றே நேராக்கினால் பிடி திரும்பும். வளைவின் நடுவே பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் சுழலும். பிரேக் பெடல் மெத்தென்று ஆனால் அதோடு நிறுத்துங்கள், பிரேக் ஆயில் கொதிக்கிறது. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள்.

உள்ளே விடும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள்: எல்லாம் என் சொந்தப் பொறுப்பு. படித்துவிட்டுப் போடுங்கள், ஒரு பிரதி கேளுங்கள். வேகத்தில் வரும் ஆபத்து உங்களுடையது, அது நியாயம்தான். ஆனால் வருவதாகச் சொன்ன ஆம்புலன்ஸ் வரவில்லை, கொடி காட்ட ஆளில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. கோர்ட்டுக்குப் போகும் உரிமையை முழுக்கத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், ஆலோசனைக்கு 1915.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். சாகச விளையாட்டுக்கான பொது விதிவிலக்கு, அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு என்றே எழுதப்பட்டிருக்கிறது. பொழுதுபோக்குக்குப் போனவரின் கிளைமை அதைக் காட்டி மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். நிறுவனம் இறங்கி வராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ட்ராக் டேக்குப் பணம் கட்டும் முன் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எது சேரும், எது சேராது என்று எழுத்தில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.