காற்றைப் பார்த்து டிக்கெட் எடு!



கைட் சர்ஃபிங் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலடியில் பலகையோடு கடல்மேல் சறுக்கிப் போவது. காற்றுதான் இதற்கு இஞ்சின். பெட்ரோல் கிடையாது, ஹார்ஸ்பவர் கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல்முறையாக இதைச் சேர்த்தார்கள். போட்டி நடந்தது மார்செய் நகரக் கடலில், அதாவது மத்தியதரைக் கடலில்.

வெளிநாட்டுக்காரர்கள் கிரேக்கத் தீவுகளுக்கும், சிசிலித் தீவில் மர்சாலா பக்கம் உள்ள ஆழமில்லாத உப்பங்கழிக்கும் இதற்காகவே லீவு போட்டுப் போகிறார்கள். நாம் போவதென்றால் பாஸ்போர்ட், ஷெங்கன் விசா, விமான டிக்கெட் எல்லாம் வேண்டும். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சுற்றுலா என்றால் எங்களுக்குப் பழனியும் ராமேஸ்வரமும்தான். ஆனால் அந்த ராமேஸ்வரத்திலேயே கைட் சர்ஃபிங் கற்றுத் தருகிறார்கள்! அதுவும் தீவுதான். ஆகவே கணக்கை அங்கிருந்தே போடுவோம்.

முதல் கணக்கு: மாதம்

பொதுவாக நாம் லீவைப் பார்த்துத்தான் டூர் போடுவோம். இங்கே அது செல்லாது. கிரேக்கத் தீவுகளில் கோடையில் 'மெல்டெமி' என்ற வடக்குக் காற்று அடிக்கும். அதை நம்பித்தான் அங்கே திட்டம் போடுகிறார்கள். நமக்கு இரண்டு காற்று உண்டு. மே, ஜூன் தொடங்கி ஆகஸ்ட் தாண்டியும் தென்மேற்குக் காற்று. ஆடி மாதம் விராலிமலைப் படி ஏறும்போது வேட்டியைத் தூக்குகிறதே, அதே பருவக்காற்றுதான். தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வருவது வாடை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நினைத்தாலே போதும், அந்த மாதங்களில் ஆசை வராது.

இரண்டாவது கணக்கு: வேகம்

கடலில் காற்றின் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். பரீட்சைக்குப் படித்தது இங்கே உயிர் காக்கும்.

12 சதுர மீட்டர் பட்டம். காற்று 15 நாட், அதாவது நொடிக்கு 7.7 மீட்டர். காற்றின் அடர்த்தி 1.2, விசைக்கெழு 1 என்று தோராயமாக வைத்தால் இழுவிசை சுமார் 427 நியூட்டன். கிலோ கணக்கில் 44. அதே பட்டம், காற்று மட்டும் 20 நாட் ஆனால்? 764 நியூட்டன், 78 கிலோ! வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. இழுப்போ ஏறக்குறைய 1.8 மடங்கு. என்னை மாதிரி 50 கிலோ ஆளை அப்படியே தூக்கிவிடும். அதனால்தான் காற்று கூடக் கூடச் சின்னப் பட்டத்துக்கு மாறுகிறார்கள். 'பெரிய பட்டம் கொடுங்க சார்' என்று கெத்துக் காட்டக் கூடாது.

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். ரயிலுக்கே அந்த மரியாதை என்றால் நாம் எம்மாத்திரம்?

மூன்றாவது கணக்கு: திசை

முக்கியமானது இதுதான். தனுஷ்கோடி நீளமான மணல் திட்டு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கம் அலை குதிக்கும், வடக்குப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே மாறிவிடும்.

புதிதாகப் போகிறவன் அமைதியான பக்கத்தைப் பார்த்து, 'இதுதான்டா சேஃப்' என்று இறங்குவான். ஆனால் அது ஏன் அமைதியாக இருக்கிறது? காற்று கரையிலிருந்து கடலுக்குள் அடிப்பதால்! பலகை நழுவினாலோ பட்டம் விழுந்தாலோ அந்தக் காற்று உங்களைக் கரைக்குக் கொண்டுவராது, நடுக்கடலுக்குத் தள்ளும். பாக் விரிகுடாவில் அதற்கு அப்பால் இலங்கை எல்லையும் இருக்கிறது. எனவே அந்தப் பக்கம் இறங்குவதென்றால் மீட்புப் படகும் பயிற்சியாளரும் கட்டாயம். காற்று கடலிலிருந்து சாய்வாகக் கரையை நோக்கி வந்தால், தவறி விழுந்தாலும் கரைதான் சேர்வோம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை:

1. முதலில் நீச்சல். ஊர்க் கிணற்றிலேயே பழகலாம். நீச்சல் தெரியாமல் மற்ற செலவு வீண்.

2. பயிற்சியாளருக்கு ஐ.கே.ஓ. போன்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்; காசு நம்முடையது, உயிரும் நம்முடையது.

3. பட்டத்தை நொடியில் கழற்றிவிடும் பூட்டு, ஹெல்மெட், மிதவை ஜாக்கெட் மூன்றையும் கரையிலேயே சரிபார்க்க வேண்டும்.

4. மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் காற்று வராமல் போகலாம். திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போட்டால், காற்று இல்லாத கடலைப் பார்த்துவிட்டுத்தான் வரவேண்டும்.

5. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. மீனவர் வலை போட்ட இடத்தில் பட்டத்தை ஓட்டக் கூடாது. நமக்கு விளையாட்டு, அவர்களுக்குச் சோறு.

வழி சுலபம். விராலிமலையிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ். அங்கிருந்து காரைக்குடி, மானாமதுரை, ராமநாதபுரம் வழியாக ரயில். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்தபிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது.

விவரத்தை வீட்டில் சொன்னபோது அப்பா, "காசு கொடுத்துக் கடல்ல விழுவானுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டில் பயிற்சியாளர் வேலை உண்டு, படகு ஓட்டும் வேலை உண்டு, கிழிந்த பட்டத்தைச் சரிசெய்யும் வேலை உண்டு. காற்றின் கணக்குத் தெரிந்த டிப்ளமோக்காரனுக்கு இதெல்லாம் அந்நியமில்லை.

ஆகவே நண்பர்களே, ராமேஸ்வரமோ கிரேக்கத் தீவோ, எங்கே போவதானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் மாதம், அப்புறம் வேகம், அப்புறம் திசை. டிக்கெட் கடைசியில். ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கலாம். கடலில் இறங்கும் நாளை மட்டும் விலை பார்த்து முடிவு செய்யாதீர்கள்!

- இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், விராலிமலை