விலைபோன சிறுமியும் விடுதலை எழுத்தும்: மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்வும் புதினமும்

முன்னுரை

பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் விற்கப்பட்ட சிறுமி, பின்னாளில் அத்தகைய விற்பனைக்கு எதிராகப் போராடிய வரலாறு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது (1883-1962). வழக்கம் என்ற போர்வையில் மறைந்திருந்த அடிமைத்தனத்தை அவருடைய வாழ்வும் எழுத்தும் எவ்வாறு வெளிக்கொணர்ந்தன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டமும் வழக்கமும்

இந்திய நீதிமன்றங்கள் அடிமைகள்மீதான உடைமையுரிமையை ஏற்கலாகாது என 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் விதித்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பரத்தமைக்காகச் சிறுமியரை விற்பதையும் (பிரிவு 372) வாங்குவதையும் (பிரிவு 373) குற்றமாக்கியது. இவற்றுக்குப் பின்னரே இராமாமிர்தம் பிறந்தார், பின்னரே விற்கவும்பட்டார். இதற்குக் காரணம், பேரம் 'தத்து' என்னும் பெயரில் நிகழ்ந்தமையே. தாசியரின் தத்தெடுப்பு வழக்கத்தை நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்றுக்கொண்டன. அடிமை என்ற பெயர் இல்லாத இடத்தில், சட்டத்தின் கண்ணுக்கு அடிமையும் இல்லை.

மீட்சியும் போராட்டமும்

திருவாரூரில் பிறந்து மூவலூரில் தாசி ஒருவரின் வீட்டில் வளர்ந்த இராமாமிர்தம், முதியவர் ஒருவருக்குத் தம்மை மணமுடிக்கும் ஏற்பாட்டை மறுத்தார். தம் இசையாசிரியர் சுயம்பு பிள்ளையைத் தாமே விரும்பி மணந்தார். தன் உடல்மீதான உரிமையைத் தானே எடுத்துக்கொண்ட முதற்செயல் இதுவெனலாம். தொடக்கத்தில் காங்கிரசிலும் பின்னர்ச் சுயமரியாதை இயக்கத்திலும் பணியாற்றிய அவர், தாசியர் வீடுகளுக்கே சென்று பொட்டுக்கட்டுதலைக் கைவிடுமாறு வலியுறுத்தினார். சட்டமன்றத்தில் முத்துலெட்சுமி ரெட்டி வாதாடிய கோரிக்கைக்கு, ஊர்தோறும் ஆதரவு திரட்டியோருள் அவர் முதன்மையானவர்.

புதினம் என்னும் சாட்சியம்

அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஆரியட் சேக்கப்சு, 1861இல் புனைபெயரில் தன்வரலாறு வெளியிட்டார். இராமாமிர்தம் அம்மையாரோ 1936இல் வெளிவந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் நூலில், தம் பட்டறிவைப் புதினமாக்கினார். தலைப்பு தாசியரை வலைவிரிப்போராகவும் செல்வந்த இளைஞனை அதில் சிக்கியவனாகவும் காட்டுகிறது. தாசியர்மீது பழியைச் சுமத்துவதாக இதனைக் குறை கூற இடமுண்டு. எனினும், தொழிலைத் துறந்து சீர்திருத்தம் பேசும் தாசியரையும் புதினம் படைக்கிறது. தாசி பிறவியால் ஆனவள் அல்லள். பழக்கப்பட்டவள், ஆதலின் விலகவும் வல்லவள் என்பதே இப்பாத்திரங்களின் வழிப் பெறப்படும் கருத்து. ஆசிரியரின் வாழ்வோடு இணைத்து வாசிக்கும்போது, வலையில் முதலில் அகப்பட்டவள் விலைக்கு வாங்கப்பட்ட சிறுமியே என்பது புலனாகும். தலைப்பு சொல்லாததை ஆசிரியரின் வாழ்வு சொல்கிறது.

முடிவுரை

1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டம், பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதைத் தடைசெய்து, அர்ப்பணிக்கப்பட்டோர் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தடையில்லை எனவும் உறுதிசெய்தது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை என்ற பெயரைக் கண்டது. வழக்கத்துக்குள் இருந்த அடிமைத்தனத்தைக் காண மேலும் நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. அதனைக் காணச் செய்தோருள், விற்கப்பட்ட ஒருத்தியே எழுத்தாளராகவும் நின்றார் என்பதே இராமாமிர்தம் அம்மையாரின் தனிச்சிறப்பு. ஆகவே அவரது புதினத்தைப் பரப்புரை இலக்கியம் எனச் சுருக்காமல், தமிழில் அடிமைமீட்சி பேசும் சாட்சிய இலக்கியமாகவும் வாசித்தல் தகும்.