ராத்திரி ஷிப்ட் பார்த்தால் மாதவிலக்கு தள்ளிப்போவது ஏன்? மூளைக்குள் நடக்கும் சங்கதி

கருமத்தம்பட்டி:-

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் நடுராத்திரியிலும் தறிச் சத்தம் ஓய்வதில்லை. விசைத்தறி, நூல் மில் என்று ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்கள் ஏராளம். ஷிப்ட் மாறியதும் மாதவிலக்கு முன்னே பின்னே போனால், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மனசுக்குள்ளேயே பயந்து கொண்டிருப்பார்கள் பெண்கள். இதற்கும் டியூப்லைட் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் உண்டு!

இருட்டின் ஹார்மோன்

மூளையின் நடுவே நெல்மணி அளவில் இருப்பது பீனியல் சுரப்பி. இருட்டியதும் இது மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். விடிகாலை 2 மணியில் இருந்து 4 மணிக்குள் உச்சத்துக்குப் போகும். கண்ணில் வெளிச்சம் பட்டால் சட்டென்று குறைந்து விடும். அமெரிக்க டாக்டர் ஆரோன் லெர்னர் மாட்டு மூளையின் பீனியல் சுரப்பியில் இருந்து இதைப் பிரித்தெடுத்தது 1958-ம் ஆண்டில்.

கருப்பைக்கு உத்தரவு போடுவதும் மூளைதான். ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டு விட்டு அனுப்பும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்ப, அங்கிருந்து எல்.எச்., எப்.எஸ்.எச். ஹார்மோன்கள் கிளம்பும். அதன்பிறகே சினைமுட்டை முதிர்ந்து வெளியே வரும். இந்தத் தாளம் தப்பினால் மாதவிலக்கும் தப்பும்.

எருமையைப் பாருங்கள்

கோடையில் எருமை சரியாகப் பருவத்துக்கு வராது என்பது மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். வெயில் ஒரு காரணம். பகல் நீண்டு ராத்திரி சுருங்குவது இன்னொரு காரணம். ராத்திரி நீளும்போது மெலடோனினும் அதிக நேரம் சுரக்கும். மூளை அதை வைத்தே சீசனைக் கணக்குப் போட்டு, கிஸ்பெப்டின் என்ற பொருள் வழியாக ஜி.என்.ஆர்.எச்.சை முடுக்கி விடும். பஞ்சாபில் கோடையில் பருவத்துக்கு வராத எருமைகளின் தோலுக்கு அடியில் மெலடோனின் வைத்துப் பார்த்தார்கள். பல எருமைகள் பருவத்துக்கு வந்து சினையும் பிடித்தன.

மனிதர்களுக்கு எப்படி?

மனிதர்களுக்கு எருமை மாதிரி சீசன் கிடையாது. அதனால் மெலடோனினின் பிடி நம்மிடம் லேசானதுதான். ஆனால் உடம்புக் கடிகாரம் அடிக்கடி மாறினால் பாதிப்பு வரலாம். அமெரிக்காவில் நர்சுகளிடம் நடந்த பெரிய ஆய்வில், ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறுவது அதிகம் என்று தெரிந்தது. தூக்கக் குறைவு, மன உளைச்சல், வேளை தவறிய சாப்பாடும் சேர்ந்து கொள்ளும்.

அதற்காக மெலடோனின் மாத்திரையை மெடிக்கலில் தாங்களாகவே வாங்கிப் போடக்கூடாது. 1992-ம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வில், பெண்களுக்கு அதிக அளவு மெலடோனினை இன்னொரு ஹார்மோனுடன் சேர்த்துக் கொடுத்தபோது சினைமுட்டை வெளியாவதே நின்று போனது.

என்ன செய்யலாம்?

ஷிப்ட் முடிந்து பகலில் படுக்கும்போது கனமான துணியால் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்குங்கள். படுக்கையில் செல்போன் வேண்டாம். முடிந்தால் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாற்றாமல் கேட்டு வாங்குங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனால் முதலில் கர்ப்பமா என்று சோதித்துக் கொள்ள வேண்டும். மூன்று மாதம் வராவிட்டாலோ, ரத்தப்போக்கு அதிகம் இருந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விடுங்கள். தைராய்டு, ரத்தசோகை, நீர்க்கட்டி என்று வேறு காரணமும் இருக்கலாம். எல்லாப் பழியையும் ஷிப்ட் மேலேயே போட்டுவிட்டு சும்மா இருந்து விடக்கூடாது.