கடற்புயலும் காப்பீட்டுப் பத்திரமும்

புனே கடற்கரை நகரம் அன்று. எனினும், இந்நகரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளின் வாகன உதிரிபாகங்களும் இயந்திரங்களும் நவ சேவா துறைமுகத்தில் கப்பலேறுகின்றன. மூலப்பொருள்களும் அங்கு வந்திறங்குகின்றன. ஆகவே, அரபிக்கடலின் சீற்றம் நம் வாடிக்கையாளர்களின் கணக்கேடுகளையும் தொடவல்லது.

அச்சீற்றம் மிகுந்து வருவதைக் கணக்கிட்டுச் சொன்னதும் புனேதான். இங்குள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001 முதல் 2019 வரையிலான காலத்தில் அரபிக்கடலில் உருவான புயல்களின் எண்ணிக்கை முந்தைய காலத்தைவிட 52 விழுக்காடு கூடியுள்ளது. அதே ஆண்டு மே 17 அன்று, டவ்தே புயலில் சிக்கி மும்பைக்கு அப்பால் பி-305 என்னும் பணியாளர் மிதவைக் கலம் மூழ்கியது. அதிலிருந்த 261 பேரில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புயல் எச்சரிக்கையோ சில நாள்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது.

எச்சரிக்கையை மதித்தால் உயிர்களைக் காக்கலாம். கடலில் செல்லும் சரக்கின் மதிப்பைக் காப்பது காப்பீடு. ஆனால், எல்லாக் காப்பீடும் ஒன்றன்று. கப்பல் சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என மூவகை விதித்தொகுப்புகள் உள்ளன. கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், தீப்பற்றுதல் போன்ற பெருவிபத்துகளை 'சி' ஏற்கும். பேரலை கொள்கலனை அடித்துச் சென்றாலோ, கடல்நீர் புகுந்து சரக்கு நனைந்தாலோ 'சி' உதவாது, 'பி' உதவும். விதிவிலக்காகக் கூறப்பட்டவை தவிர ஏனைய இடர்கள் அனைத்தையும் ஏற்பது 'ஏ'.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. 2020 நவம்பர் 30 அன்று பசிபிக் பெருங்கடலில் கடும் வானிலையில் சிக்கிய 'ஒன் ஏபஸ்' கப்பல் 1,800-க்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கடலில் இழந்தது. கப்பலோ மூழ்கவில்லை!

இறக்குமதியாளர்கள் இங்கேதான் விழிப்புடன் இருத்தல் வேண்டும். சிஐஎஃப் முறையில் வாங்கும்போது காப்பீடு எடுப்பவர் விற்பவர். 2020-ஆம் ஆண்டின் இன்கோடெர்ம்ஸ் விதிகளின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில் அவர் 'சி' வகையை எடுத்தாலே போதும். லெட்டர் ஆஃப் கிரெடிட் வழியே பணம் செலுத்துகையில் வங்கி ஆவணங்களை மட்டுமே நோக்கும், சரக்கை அன்று. ஆவணங்கள் நிபந்தனைகளுக்கு இசைந்திருந்தால், சரக்கு கடலடியில் கிடந்தாலும் பணம் சென்றுவிடும். அத்தொகையை நீங்கள் வங்கிக்குச் செலுத்தியாக வேண்டும்.

சரக்கு பழுதின்றி வந்தாலும் சுமை நேரக்கூடும். கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து மீட்க மனமறிந்து செய்த தியாகத்தையும் செலவையும் அனைத்துச் சரக்கு உரிமையாளர்களும் பகிர வேண்டும் என்பது 'ஜெனரல் ஆவரேஜ்' என்னும் தொன்மையான கடல்வணிக நெறி. 2021 மார்ச்சில் பலத்த காற்றினிடையே சூயஸ் கால்வாயில் தரைதட்டிய 'எவர் கிவன்' கப்பலின் உரிமையாளர்கள் இந்நெறியையே நாடினர். இப்பங்கை மூவகைக் காப்பீடும் ஏற்கும். காப்பீடே இல்லாதவர் தம் கைப்பொருளை ஈடாக வைத்தே சரக்கை மீட்க நேரும்.

எனவே, ஒப்பந்தத்திலும் லெட்டர் ஆஃப் கிரெடிட் விண்ணப்பத்திலும் 'ஏ' வகைக் காப்பீடு வேண்டுமென வெளிப்படையாக எழுதுங்கள். காப்பீட்டுத் தொகை சிஐஎஃப் மதிப்பில் 110 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்கட்டும். ஐயமிருப்பின், கப்பல் புறப்படும் முன்னரே கிளை அலுவலரை அணுகுங்கள். புயல் எழுந்தபின் பத்திரத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற இயலாது.